வெர்னர் சுடாத குண்டு

வெர்னர் கோஸ்கெலா பிறந்தது சுப்பீரியர் ஏரியின் தென்கரையில், பின்னாளில் தாமிரச் சுரங்கம் மூடி ஆள் குறைந்துபோன ஓர் ஊரில். தகப்பனார் சுரங்கத்தில் இருந்தவர். மகன் காட்டுக்குப் போனார். பள்ளி முடித்த கோடையில் மோட்டார் ரம்பத்தைக் கையில் எடுத்தவர், ஐம்பத்தேழாவது வயதில் காகித ஆலை மரம் வாங்குவதை நிறுத்தியபோதுதான் அதைக் கீழே வைத்தார். அவருக்கும் மார்லிஸுக்கும் திருமணம் நடந்த ஆண்டைப் பற்றிக் குடும்பத்தில் இரண்டு கணக்கு உண்டு. நீதிமன்றப் பதிவு ஓர் ஆண்டைச் சொல்லும். மார்லிஸ் அடுத்த வசந்தத்தில் தேவாலயத்தில் நடந்ததையே கணக்கில் எடுப்பார். வெர்னரைக் கேட்டால் இரண்டுக்கும் தலையாட்டுவார். ஒரே மகன் டென்னிஸ் அரிசோனாவில் வீடு வாங்கித் தங்கிவிட்டான். மகனை விமானநிலையத்தில் விட்டுவிட்டுத் திரும்பிய அன்று வெர்னர் என்ன செய்தார் என்று கேட்டால், விறகு அடுக்கினார் என்பதுதான் மார்லிஸ் தரும் ஒரே தகவல்.

காட்டில் அதிர்ந்த ரம்பம் விரல்களில் தங்கிவிட்டது. முதலில் குளிர்காலத்தில் மட்டும் விரல்நுனிகள் வெளுத்து மரத்தன. பிறகு கோடையிலும் மரத்தன. கடைசியில் மரத்திருப்பது என்ற உணர்வும் போய்விட்டது. சட்டைப் பொத்தானைக் கண்ணால் பார்த்தபடியேதான் போட முடிந்தது. ஒரு சனிக்கிழமை சவுனா என்ற நீராவிக் குளியலறையில் அடுப்பின் ஓரத்தில் கை வைத்துவிட்டார். வெந்த வாசனை வந்த பிறகுதான் கையை எடுத்தார். மார்லிஸிடம் கவனமில்லாமல் பட்டுவிட்டது என்றார். அதுவும் பொய்யென்று சொல்ல முடியாது.

மருத்துவரிடம் தனியாகத்தான் போனார். உணர்ச்சி திரும்பாது, மிச்சமிருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளலாம் என்றார் மருத்துவர். வெர்னர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: வண்டி ஓட்டலாமா? ஓட்டலாம் என்று பதில் வந்தது. கேட்க நினைத்திருந்த இன்னொரு கேள்வியைக் கேட்காமலே கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே வந்தார். கார் நிறுத்துமிடத்தில் நின்று, வருத்தமாக இருக்கிறதா என்று தன்னைத்தானே பார்த்துக்கொண்டார். ஒன்றும் தட்டுப்படவில்லை. வீட்டுக்குப் பால் வாங்கவேண்டியிருந்தது ஞாபகம் வந்தது.

கேட்காமல் விட்ட கேள்வி ஞாயிற்றுக்கிழமையைப் பற்றியது. பனி உருகியதிலிருந்து மறுபடி விழும்வரை, ஞாயிறு காலை ஆராதனை முடிந்ததும் ஊருக்கு வெளியே மணல் தோண்டிய பள்ளத்தில் துப்பாக்கிக் கிளப்பார் கூடுவார்கள். மணல்மேட்டின் முன்னே வெள்ளை அடித்த ஐந்து இரும்புத் தகடுகள் நிற்கும். ஒவ்வொருவராக முறைவைத்து வந்து நிற்க, பின்னால் நிற்பவர் கையிலுள்ள டைமர் கூவும். ஐந்தையும் எவ்வளவு விரைவாக அடிக்கிறோம் என்பதுதான் ஆட்டம். வெர்னர் ஒருபோதும் முதல் மூன்று இடத்துக்குள் வந்ததில்லை. ஆனால் அந்தக் கூவல் காதில் விழும் நொடியில் மட்டும், ஆளில்லாத வீட்டில் யாரோ விளக்கைப் போட்டதுபோல் உடம்புக்குள் ஒன்று நடக்கும். வாரத்தின் மற்ற நாட்களில் அது நடப்பதில்லை. சென்ற இலையுதிர்காலத்தின் கடைசி ஆட்டத்தில், உறையிலிருந்து எடுத்த கைத்துப்பாக்கி உள்ளங்கையில் இருக்கிறதா இல்லையா என்று அவருக்குத் தெரியவில்லை. பார்த்தார், நழுவிக்கொண்டிருந்தது. இடது கையால் பிடித்துக்கொண்டார். யாரும் கவனிக்கவில்லை.

அந்தக் குளிர்காலம் முழுவதும் யோசித்து ஒரு முடிவுக்கு வந்தார். நீளத் துப்பாக்கிகளில் குட்டையானது, கைத்துப்பாக்கியின் தோட்டாவையே சுடுவது ஒன்று உண்டு, கார்பைன் என்பார்கள். தோளில் முட்டுக்கொடுத்து இரண்டு கையாலும் பிடிப்பது. நழுவாது. கிளப்பிலும் அதற்கென்று தனி வரிசை இருந்தது. சரியான ஒன்றைப் பார்த்து எடுத்தால் வரிசையில் தன் இடம் போகாது. யாருக்கும் எதுவும் சொல்லவேண்டியதும் இருக்காது.

பெவ் லாஹ்டியின் கடையில் முன்பாதி தூண்டில் சாமான்கள், பின்பாதி துப்பாக்கிகள். ஏப்ரலில் ஒருநாள் வெர்னர் அங்கே போனபோது கோர்டி ட்ருடெலும் கூட வந்தார். சுரங்கத்தில் இயந்திரம் பழுதுபார்த்து ஓய்வுபெற்றவர். கிளப்பில் டைமர் பிடித்து ஆட்டத்தை நடத்துபவர். வெர்னருக்கு நாலாம் வகுப்பிலிருந்து நண்பர்.

"கண்ணு மங்கிடுச்சு, பெவ். பிஸ்டல்ல குறி தெரிய மாட்டேங்குது," என்றார் வெர்னர். "தோள்ல வெச்சுச் சுடற மாதிரி ஒண்ணு காட்டு."

"கண்ணா?" என்றாள் பெவ். "போன மாசம் ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்னுக்கிட்டு என் கார் கண்ணாடில விரிசல் இருக்குன்னு சொன்னது நீங்கதானே?"

"எட்டத்துல இருக்கறது தெரியுது. கிட்டத்துல இருக்கறதுதான் தெரியல."

"மார்லிஸ்ஸையும் இவன் அப்படித்தான் பாத்துக் கட்டிக்கிட்டான்," என்றார் கோர்டி.

பெவ் முதலில் எடுத்து வைத்தது வால்நட் கட்டை போட்ட ஒன்று. கீழே இருக்கும் நெம்புகோலை முன்னும் பின்னும் தள்ளித் தோட்டா ஏற்றுவது. அழகான சாமான். ஆனால் சுடாமல் நிறுத்தவேண்டி வந்தால், உள்ளே தோட்டா இருக்கும்போதே அதை அடித்து வெடிக்கவைக்கும் சுத்தியலைக் கட்டைவிரலால் பிடித்து மெல்ல இறக்கவேண்டும். வெர்னர் தன் கட்டைவிரலைப் பார்த்தார். "இதுக்குத் தோட்டா வேற. என் வீட்ல இருக்கறது ஒன்பது மில்லிமீட்டர்," என்றார்.

இரண்டாவது, இரண்டாக மடித்துப் பையில் போட்டுக்கொள்ளக்கூடியது. எடை இல்லை. தோட்டா ஏற்ற அதன் பிடியை இழுக்க இரண்டு விரல்நுனிகளைச் சின்ன இடுக்கில் கொடுக்கவேண்டும். வெர்னர் ஒருமுறை முயன்றார். விரல்கள் எங்கே போயின என்று குனிந்து தேடவேண்டியிருந்தது. "பிளாஸ்டிக் பொம்மை மாதிரி இருக்கு," என்றார்.

"உன் பல்லும் பிளாஸ்டிக்குதான். அதத் துப்பிட்டியா?" என்றார் கோர்டி.

மூன்றாவதை எடுக்கும்போதே கோர்டியின் முகம் மலர்ந்தது. கிளப்பில் நாலு பேர் வைத்திருப்பது. உதை குறைவு, கைக்கு அடக்கம், விசை பூப்போல. பெவ் திறந்து காலி என்று காட்டிக் கொடுக்க, வெர்னர் சுவரைப் பார்த்துத் தோளில் வைத்தார். 'டிக்' என்று சத்தம் கேட்டது. யார் செய்தது என்று ஒரு கணம் அவருக்குப் புரியவில்லை. விரல் விசையைத் தொட்டதே அவருக்குத் தெரியாது. மெதுவாக மேசைமேல் வைத்தார்.

"எப்படி?" என்றார் கோர்டி.

"நல்லாத்தான் இருக்கு. எனக்கு வேண்டாம்."

"ஊர்ல எல்லாரும் இதத்தானேடா வெச்சிருக்காங்க!"

"அதான் வேண்டாம். அந்த மூலையில நிக்குதே, அது என்ன?"

பெவ் சிரித்துவிட்டாள். "அதுவா? காவல்காரங்களுக்குன்னு செஞ்சது. ரெண்டு பேரு வாங்கிட்டுத் திருப்பிக் குடுத்துட்டாங்க. ட்ரிகரா அது? பழைய லாரி கிளட்ச்சு மாதிரி இருக்கும். இழுத்துக்கிட்டே இருக்கலாம், மதியச் சாப்பாட்டுக்குள்ள வெடிக்கும்."

கறுப்பு மங்கிய, கனத்த ஒன்று. தோட்டா ஏற்றும் பிடி பக்கவாட்டில் கட்டைபோல நீட்டிக்கொண்டிருந்தது. உள்ளங்கையால் தள்ளியே திறக்கலாம். அவருடைய கைத்துப்பாக்கியின் தோட்டாக்கூடே இதற்கும் பொருந்தும். வெர்னர் தோளில் வைத்து விசையை இழுத்தார். விரல் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் இழுக்க இழுக்க முன்கையின் தசை இறுகியது, பிறகு முழங்கை கனத்தது, அதன்பிறகே 'டிக்' என்றது. விரல் சொல்லாததை முழங்கை சொன்னது. மறுபடி இழுத்தார். மறுபடியும் சொன்னது.

"இதையே கட்டிக் குடு," என்றார்.

விண்ணப்பத்தில் கையெழுத்திட அவர் பேனாவைக் குழந்தை கரண்டி பிடிப்பதுபோல முழுக்கையால் பிடித்ததைப் பெவ் பார்த்தாள். ஏதோ கேட்க வாயெடுத்து, தாளை அவர் பக்கம் இன்னும் கொஞ்சம் நகர்த்திக் கொடுத்ததோடு விட்டுவிட்டாள்.

கோர்டிக்கு மனசு ஆறவில்லை. கிளப்பில் யார் புதுத் துப்பாக்கி வாங்கினாலும், அதன் விசையைப் பிரித்துத் தேய்த்து, உள்ளிருக்கும் சுருள்வில்லை மாற்றி, இலேசாக்கிக் கொடுப்பது அவர் வழக்கம். காசு வாங்கமாட்டார். பிறந்த குழந்தைக்கு ஞானஸ்நானம்போல அது அங்கே நடந்துவிடும்.

"ட்ரிகர நான் பாத்துக்கறேன். ஒரு சாயங்கால வேலை," என்றார் கடை வாசலிலேயே.

"வேண்டாம். இருக்கறபடி இருக்கட்டும்."

வெர்னரைப்போல ஃபின்லாந்து வழிவந்தவர்கள் வீட்டில் காபி வேண்டுமா என்று கேட்டால் இரண்டு தடவை வேண்டாம் என்பார்கள். மூன்றாம் தடவை கோப்பையை நீட்டுவார்கள். முதல் தடவையே சரி என்பவன் வளர்ப்பு சரியில்லாதவன். கோர்டியின் முன்னோர் கனடாவிலிருந்து வந்த பிரெஞ்சுக்காரர்கள். ஆனால் ஃபின் பெண்ணைக் கட்டி முப்பது வருஷத்துக்கு மேல் குடித்தனம் செய்ததில், முதல் இரண்டு 'வேண்டாம்'களைக் கணக்கில் எடுக்கக்கூடாது என்று கற்றிருந்தார். எடுத்திருந்தால் மாமனார் வீட்டில் ஒருவருக்கும் ஒரு பரிசும் கொடுத்திருக்க முடியாது.

மே மாதத் தொடக்கத்தில், குறிபார்க்கும் செம்புள்ளிக் கண்ணாடியைப் பொருத்தித் தருவதாகச் சொல்லித் துப்பாக்கியை எடுத்துப்போக வந்தார் கோர்டி. மார்லிஸ் இறைச்சியும் கிழங்கும் பொதிந்த பாஸ்டி சுட்டிருந்தார். சாப்பிடும்போது கோர்டி இரண்டாம் தடவை கேட்டார்.

"கண்ணாடி மாட்டும்போதே ட்ரிகரையும் பாத்துடறேனே?"

"உனக்கு எதுக்குச் சிரமம்? வேண்டாம்."

"எனக்கென்ன சிரமம்? வீட்ல இருந்தா பெண்டாட்டி தோட்டம் கொத்தச் சொல்றா."

கிளம்பும்போது, துப்பாக்கிப் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்று மூன்றாம் தடவை கேட்டார். "கடைசியாக் கேக்கறேன், வெர்ன். செய்யட்டுமா?"

மூன்றாம் தடவையும் வேண்டாம் என்றால் ஏன் என்று சொல்லவேண்டும். பின்னால் சமையலறையில் மார்லிஸ் பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. வெர்னர் கொட்டகைக் கூரையில் மிச்சமிருந்த பனியைப் பார்த்தார். எதுவும் சொல்லவில்லை. கோர்டி அவர் தோளில் ஒரு தட்டு தட்டிவிட்டுப் போனார். அந்தத் தட்டலுக்கு என்ன பொருள் என்று வெர்னருக்குத் தெரிந்திருக்கவேண்டும். அவரோ, கேள்வி கடந்துபோயிற்று என்ற அளவிலேயே நின்றுவிட்டார்.

ஆட்டம் நடக்கும் ஞாயிறன்று காலையில்தான் துப்பாக்கி திரும்பி வந்தது. குறியும் சுட்டுப் பார்த்துச் சரிசெய்தாகிவிட்டது என்றார் கோர்டி. வேறொன்றும் சொல்லாமல், பரிசைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தவர்போலச் சிரித்துக்கொண்டு நின்றார். பள்ளத்தின் நிழலோரம் அழுக்குப் பனி கொஞ்சம் கிடந்தது. வரிசையில் வெர்னருக்கு அடுத்த பெயர் மார்லிஸ்; அவரும் கிளப்பில் சுடுபவர். தன் கைத்துப்பாக்கிப் பையோடு, முறைக்குக் காத்திருப்பவர்கள் நிற்கும் பின்கோட்டில் நின்று, யார் வீட்டு நாய் யார் வீட்டுக் கோழியைப் பிடித்தது என்று யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தார்.

"ரெடி பண்ணிக்கோ," என்றார் கோர்டி.

வெர்னர் தோட்டாக்கூட்டைச் செருகி, உள்ளங்கையால் பிடியைத் தள்ளி ஏற்றினார். விதிப்படி துப்பாக்கியின் முனையை முன்னே தரையில் நட்டிருந்த சிறு கொடியை நோக்கித் தாழ்த்தினார்.

"ரெடியா? ... பொறு."

டைமர் கூவியது. உள்ளே விளக்கு எரிந்தது. துப்பாக்கியை உயர்த்தினார், செம்புள்ளி மணலிலிருந்து மேலேறித் தகட்டின் அடிவிளிம்பை எட்டியது. வெடித்தது. தகடு கணீரென்றது.

பக்கத்துப் பள்ளத்தில் வேறு யாரோ சுட்டதுபோல அந்த ஒலி அவருக்கு வந்து சேர்ந்தது. பின்கோட்டில் யாரோ சீட்டியடித்தார்கள். அவ்வளவு விரைவான முதல் குண்டை வெர்னர் அந்தப் பள்ளத்தில் சுட்டதே இல்லை. அவரோ தன் முழங்கையை நினைத்தார். அது ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. ஒரு கண்ணிமைப்புக்கு முன் வெடித்திருந்தால் முனை தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கும்; சரளைக்கல்லில் பட்ட குண்டு எங்கே திரும்பும் என்று யாரும் சொல்ல முடியாது.

விரலைக் கண்ணால் பார்த்து வெளியே எடுத்தார். தோட்டாக்கூட்டைக் கழற்றினார். திறந்து, உள்ளிருந்த தோட்டா கீழே விழுவதைப் பார்த்துக்கொண்டார்.

"என்னடா, மாட்டிக்கிச்சா?" என்றார் கோர்டி.

"இல்ல."

"அப்பச் சுடு! நாலு தகடு நிக்குது, டைமர் ஓடுது!"

"அது நான் சுட்டதில்ல."

"பின்ன, நானா சுட்டேன்?"

"ட்ரிகரத் தொட்டியா, கோர்டி?"

கோர்டியின் முகம் முழுக்கச் சிரிப்பானது. "இழுக்க எட்டு பவுண்டு பலம் கேட்டத மூணுக்குக் கொண்டாந்துட்டேன். வெண்ணெ மாதிரி இல்ல?"

"தெரியல."

"தெரியலன்னா?"

"விரல் தெரியறதில்ல. ரெண்டு வருஷமா. அதனாலதான் அந்த லாரி கிளட்ச்ச வாங்கினேன்."

கோர்டி கையிலிருந்த டைமரைப் பார்த்தார். அது இன்னும் நொடிகளைக் காட்டிக்கொண்டிருந்தது. அணைத்தார். "மூணாவது தடவ வேண்டாம்னு சொல்லியிருக்கலாமேடா," என்றார், மிகத் தாழ்ந்த குரலில்.

"சொல்லியிருக்கலாம்."

"தகட்லதானே பட்டுச்சு. தகட்ல பட்டா ரூல்படி தப்பே இல்ல. யாருக்குத் தெரியப்போவுது?"

"எனக்கு அடுத்தது மார்லிஸ். நான் உள்ள ஏத்திட்டு நிக்கறப்போ அவ பின்னாடிதான் நிக்கறா." வெர்னர் காலித் துப்பாக்கியை மேசைமேல் வைத்தார். "நீ சொல்லு, கோர்டி. நானாப் போனா, ஏதோ கோவிச்சுக்கிட்டு வீட்டுக்குப் போறான்னு இருக்கும். டைமர் உன் கையில இருக்கு. நீ சொன்னாத்தான் ரூல்."

கோர்டி பின்கோட்டின் பக்கம் திரும்பினார். பிறகு, தேவாலயத்தில் பாட்டின் எண்ணை வாசிக்கும் குரலில், "வெர்னர் கோஸ்கெலா. இன்னிக்கு ஆட்டத்துலேருந்து நீக்கம்," என்றார்.

வெர்னர் விரலைப் பற்றிச் சொன்னது பின்கோடுவரை கேட்டிருந்தது. மார்லிஸ் அருகே வந்தார்.

"சவுனா அடுப்புல கைய வெச்சியே, அன்னிக்கு. அதுவும் இதானா?"

"ம்."

"சூடு தெரியலையா உனக்கு?"

"வாசனை வந்துச்சு. அப்பறம் தெரிஞ்சுது."

மார்லிஸ் அவர் முகத்தைப் பார்த்தார், பிறகு கையைப் பார்த்தார். "மடையா," என்றார்.

நீக்கப்பட்டவர் வீட்டுக்குப் போகக்கூடாது என்பது அந்தக் கிளப்பின் வழக்கம். இருந்து, ஒவ்வொருவர் ஆட்டத்துக்குப் பிறகும் தகடுகளில் குண்டு பட்ட தடத்தை வெள்ளைப் பெயிண்ட் பீச்சி மறைக்கவேண்டும். எல்லாத் துப்பாக்கியும் காலி என்று கோர்டி குரல்கொடுத்தபின் வெர்னர் டப்பாவை எடுத்துக்கொண்டு முன்னே நடந்தார். மூடியின் குமிழை விரல்நுனியால் அழுத்த வராது. கட்டைவிரலின் மூட்டால் அழுத்தினார். பெயிண்ட் தகட்டிலும் விழுந்தது, கையிலும் விழுந்தது. முதல் தகட்டின் அடிவிளிம்பில் சாம்பல் நிறத்தில் ஒரு வட்டம் இருந்தது. அதையும் மறைத்தார். திரும்பி வந்து நின்றபோது டைமர் கூவியது. மார்லிஸ் நாலு தகடு அடித்தார். இந்தத் தடவை வெர்னருக்குள் எதுவும் எரியவில்லை. காதில் மட்டும் கேட்டது.

அந்த வாரமே கோர்டி வீட்டுக்கு வந்தார். பழைய கனத்த சுருள்வில்லை ஒரு மாத்திரைச் சீசாவில் போட்டுக் கொண்டுவந்திருந்தார்.

"இதத் திருப்பி மாட்டிடறேன். முன்ன இருந்த மாதிரியே ஆயிடும்."

"வேண்டாம்."

"அரை மணி நேர வேலைடா."

"வேண்டாம்."

கோர்டி சீசாவை மேசையில் உருட்டிக்கொண்டிருந்தார். இருவருக்கும் எண்ணிக்கை தெரியும். "மாட்டட்டுமா, வெர்ன்?"

"வேண்டாம், கோர்டி. நீ ஸ்பிரிங்க மாத்தினது தப்பில்ல. மாத்தினதே எனக்குத் தெரியலையே, அதுதான். மார்லிஸ்ஸுக்கு இப்ப இருக்கறதே சரியா இருக்காம். அவ சுடட்டும்." பிறகு வெர்னர் கேட்டார்: "காபி குடிக்கறியா?"

கோர்டி முதல் தடவையே சரி என்றார்.

அதன்பிறகு வெர்னர் கோஸ்கெலா எந்தத் துப்பாக்கியிலும் தோட்டா ஏற்றியதாகத் தகவல் இல்லை. ஞாயிறுகளில் தவறாமல் போனார். யாரும் நீக்கப்படாத நாட்களிலும் தகடுகளுக்கு அவரே பெயிண்ட் அடித்தார். வேறு யாரும் அந்த டப்பாவை எடுப்பதில்லை. கார்பைன் மார்லிஸ் பெயரில் வரிசையில் இருந்தது. ஒரு கோடையில் அவர் இரண்டாம் இடம் வந்தார். ஆட்டம் முடிந்து வீட்டுக்கு வந்ததும், சமையலறை மேசையில் வெர்னரின் கையை விரித்துவைத்து, பெயிண்டைக் கரைக்கும் தின்னரில் துணியை நனைத்து ஒவ்வொரு விரலாகத் தேய்ப்பார் மார்லிஸ். வெளுத்த விரலில் வெள்ளைப் பெயிண்ட் எது, தோல் எது என்று வெளிச்சத்தில் திருப்பிப் பார்க்கவேண்டியிருக்கும்.

"எரியுதா?" என்று பழக்கத்தில் கேட்பார்.

வெர்னர் குனிந்து பார்ப்பார். துணி சுண்டுவிரலுக்கு வந்திருந்தால், முடிந்துவிட்டது என்று அர்த்தம்.